எடை குறைந்தது போதும். இனி வலிமை கூடட்டும்

ஆசிரியர் ஓய்வறைகளில் உடல் எடையைப் பற்றிய பேச்சு இப்போது அதிகம். மாலை நடை, இரவில் சோற்றுக்குப் பதில் சிறுதானியம், சர்க்கரை இல்லாத தேநீர் என ஆளுக்கொரு வழி சொல்கிறோம். நல்ல மாற்றம்தான். ஆனால் 'எவ்வளவு குறைந்தால் போதும்?' என்ற கேள்வியை மட்டும் யாரும் எழுப்புவதில்லை. எடைக் குறைப்பு ஓரிடத்தில் நிற்க வேண்டும். அங்கிருந்து வலிமை கூட்டும் வேலை தொடங்க வேண்டும். அந்த இடத்தை அறிவது எப்படி என்பதை, அறிவியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியை என்ற முறையில் இங்கே பகிர்கிறேன்.

எடை எந்திரம் சொல்லாதது

எடை எந்திரம் எலும்பு, தசை, நீர், கொழுப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும். எது குறைந்தது என்று அதற்குத் தெரியாது. உணவைக் குறைத்து மட்டும் எடை குறைப்பவர்கள் இழக்கும் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கொழுப்பல்லாத பகுதி. அதில் தசையும் அடங்கும்.

2004-இல் லான்செட் மருத்துவ இதழ் இரண்டு மருத்துவர்களின் படத்தை வெளியிட்டது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் உடல் நிறைக் குறியீட்டெண் 22.3. ஆனால் உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லியாக இருந்தும் கொழுப்பு மிகுந்து, தசை குறைந்திருப்பது நம் நாட்டவரிடம் அதிகம். உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் குளுக்கோசின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது தசைகளே. ஆகவே தசையை இழப்பது நீரிழிவுக்கு வழி திறப்பதாகும். முப்பது வயதுக்குப் பின் தசை தானாகவே மெல்லக் குறையத் தொடங்குகிறது என்பதையும் இதோடு சேர்த்து எண்ண வேண்டும்.

மூன்று அளவைகள்

1. உடல் நிறைக் குறியீட்டெண்: கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். இந்தியருக்கு 23-க்குக் கீழ் இருப்பது நல்லது. 25-ஐத் தொட்டால் உடற்பருமன்.

2. இடுப்புச் சுற்றளவு: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. தையல் நாடா போதும்.

3. நாற்காலிச் சோதனை: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர வேண்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் உடல் செயல்திறன் குறைவு என ஆசிய வல்லுநர் குழு 2019-இல் வரையறுத்தது. முதியோருக்கான சோதனை இது. நாற்பதுகளில் இருக்கும் நாம் இதில் திணறினால் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

முதல் இரண்டும் எல்லைக்குள் வந்து, மூன்றாவது பின்தங்கினால் அதுவே நிறுத்த வேண்டிய இடம்.

எங்கள் பள்ளிக் கணித ஆசிரியையின் உயரம் 1.60 மீட்டர். ஓராண்டில் 68 கிலோவிலிருந்து 58 கிலோவுக்கு வந்தார். குறியீட்டெண் 26.6-இலிருந்து 22.7 ஆனது, இடுப்பு 78 செ.மீ. "இன்னும் அஞ்சு கிலோ குறைச்சிட்டா நிம்மதி டீச்சர்" என்றார். ஆனால் நோட்டுக்கட்டுடன் மாடி ஏறினால் தொடை தளர்கிறது என்பதும் அவர் சொன்னதுதான். நாற்காலிச் சோதனையில் 13 வினாடி. "குறைச்சது போதும் டீச்சர், இனிமே கூட்டல் கணக்கு" என்றேன். மூன்று மாதம் வலிமைப் பயிற்சி செய்தார். எடை ஒரு கிலோ கூடியது, இடுப்பு கூடவில்லை, நாற்காலிச் சோதனை 9 வினாடிக்கு வந்தது. எடை எந்திரத்தை மட்டும் நம்பியிருந்தால் அந்த ஒரு கிலோவைத் தோல்வி என்றே எண்ணியிருப்பார்.

என்ன செய்யலாம்?

வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்புடன், குறைந்தது இரண்டு நாள் தசை வலுவூட்டும் பயிற்சியும் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம் (2020). நடை முதலாவதை நிறைவு செய்யும். இரண்டாவதை நிறைவு செய்யாது. நமக்குத் தெரிந்த பஸ்கி, சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், பழகியபின் தண்டால், நீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்குதல் ஆகியவை போதும். ஒவ்வொன்றையும் 8 முதல் 12 முறை, இரண்டு சுற்று. பன்னிரண்டும் எளிதாகிவிட்டால் சுமையைச் சிறிது கூட்டலாம். இடையில் ஒரு நாளாவது தசைக்கு ஓய்வு வேண்டும். இரத்த அழுத்தம், இதய நோய், மூட்டு வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குக.

உணவை இனியும் குறைக்கக் கூடாது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் உண்டு. பருப்பு, சுண்டல், பால், தயிர், மீன் இவற்றை ஒவ்வொரு வேளைக்கும் பிரித்துச் சேர்த்துக்கொள்ளலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் அளவையே பின்பற்ற வேண்டும்.

வகுப்பறையில்

நாம் பேசும் எடைக் கணக்கை மாணவர்களும் கேட்கிறார்கள். 'குண்டாகிவிடுவேன்' என்று காலை உணவைத் தவிர்க்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவியரை நான் பார்த்திருக்கிறேன். வளரும் பருவத்தினருக்கு மேலே சொன்ன எல்லைகள் பொருந்தா. அவர்களின் வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி அட்டவணைகள் தனியே உண்டு. எனவே குறியீட்டெண்ணைக் கற்பிக்கும்போது மாணவர்களை வரிசையில் நிறுத்தி எடை பார்த்து ஒப்பிட வேண்டாம். கற்பனை நபர்களின் உயரமும் எடையும் கொடுத்துக் கணக்கிடச் செய்யலாம். 'ஒரே எண், இரு உடல்கள்' என்று யாஜ்னிக், யுட்கின் செய்தியை விவாதிக்கலாம்.

5 முதல் 17 வயது வரை நாள்தோறும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பும், வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் வலுவாக்கும் செயல்களும் வேண்டும். கபடி, கயிறு இழுத்தல், பாண்டி, பச்சைக்குதிரை எல்லாம் அந்தக் கணக்கில் வருபவை. உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்துக்குக் கடன் வாங்காமல் விட்டுக்கொடுப்பதே இதற்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவி.

அடுத்த முறை ஓய்வறையில் 'எத்தனை கிலோ குறைந்தது?' என்று கேட்பதோடு, 'எத்தனை பஸ்கி போட முடிகிறது?' என்றும் கேட்டுப் பார்ப்போம்.