கண்ணாடியின் நிறமும் கண்ணின் காப்பும்

செஞ்சிக்கு வடக்கே சீயமங்கலத்துப் பாறையைக் குடைந்து 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் கோயில் எடுப்பித்தபோது, உளிச் சிதறலினின்று சிற்பிகளின் கண்ணைக் காத்தது இமை ஒன்றே. இக்காலத்துக் குடியானவருக்கோ கடைதோறும் கறுப்பும் மஞ்சளும் நீலமுமாகக் கண்ணாடிகள் கிடைக்கின்றன. ஆயினும் எந்த வேலைக்கு எந்நிறம் ஏற்றது என்பதை அறியாமல் வாங்குவதால் பணமும் சில வேளை பார்வையும் நஷ்டமாகின்றன.

கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையாகும். இதில் 400 முதல் 500 வரையுள்ள பகுதி ஊதாவும் நீலமும் ஆம். கடும் ஒளியை உற்று நோக்குங்கால் விழித்திரையை மிகுதியும் தாக்குவது இப்பகுதியே. 400-க்குக் கீழ்ப்பட்ட புறஊதாக் கதிரோ கண்ணுக்குத் தெரியாது. வெயிலில் நெடுங்காலம் உழைப்போருக்குக் கண்ணில் சதை வளர்வதற்கு அது ஒரு முக்கிய காரணம்.

மஞ்சள் அல்லது தேன் நிறக் கண்ணாடி நீல ஒளியைத் தடுக்கும். அதனை அணிந்து நல்ல நீலத் துணி ஒன்றைப் பார்க்க வேண்டும். துணி கறுத்துத் தோன்றினால் நீலம் பெரும்பாலும் தடுக்கப்படுகிறது எனக் கொள்ளலாம். ஆனால் இச்சோதனை புறஊதாக் கதிரைப் பற்றி ஒன்றும் கூறாது. அதற்கு 400 நானோமீட்டர் வரை தடுக்கும் என்ற குறிப்பு இருத்தல் அவசியம். அக்காப்பு இல்லாத வெறுங் கறுப்புக் கண்ணாடி, கண்மணியை விரியச் செய்து, தீய கதிர் உள்ளே புக வழியும் செய்துவிடும்.

கலப்பை, டிராக்டர் முதலியவற்றைப் பட்டறையில் மின்சார வெல்டிங் செய்யுமிடத்தில் மஞ்சள் கண்ணாடி சிறிதும் போதாது. அதற்கு 10 முதல் 13 வரை எண்ணிட்ட கருங்கண்ணாடி பொருத்திய முகமூடி வேண்டும். காஸ் வெல்டிங்குக்கு 4 முதல் 6 வரை எண் பெரும்பாலும் போதும். வெறுங்கண்ணால் மின்சாரச் சுடரை நோக்கியவனுக்கு உடனே ஒன்றும் தோன்றாது. சில மணி நேரம் சென்று, இரவில், கண்ணில் மணல் விழுந்தாற்போல வேதனை எழும். வேடிக்கை பார்க்க நிற்கும் சிறுவர்களை அப்புறப்படுத்துவது பட்டறைக்காரர் கடமை.

நெல், மணிலா அடிக்கும் களத்தில் நிறத்தினும் வலிமையே முக்கியம். பக்கங்களும் மூடிய, நிறமற்ற பாலிகார்பனேட் கண்ணாடி போதும். ஐ.எஸ். 5983 என்ற இந்தியத் தர எண்ணைப் பார்த்து வாங்குதல் நலம். உமி குத்திய கருவிழியில் பூஞ்சை பற்றிப் புண்ணாதல் நம் நாட்டில் சாதாரணம். அந்நிலையில் பச்சிலைச் சாறு பிழிவதும், ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைத் தாமே வாங்கி இடுவதும் கண்ணையே போக்கிவிடக் கூடும். அன்றைக்கே கண் வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

கைப்பேசி, கணினித் திரைகளுக்கென்று விலை கூட்டி விற்கப்படும் நீலத்தடுப்புக் கண்ணாடியால் கண் சோர்வு குறைவதாக 2023-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வில் தெரியவில்லை. கிராம நிர்வாக அலுவலர்கள் அதில் பணம் செலவிட வேண்டியதில்லை. இரவில் வண்டி ஓட்டுவோர் மஞ்சள் கண்ணாடியையும் கழற்றிவிட வேண்டும். இருக்கிற சொற்ப வெளிச்சத்தையும் அது குறைக்கும்.