கழுத்துக் கட்டிகள் அனைத்தும் காசநோய் அல்ல

கழுத்தில் கட்டி தோன்றி மெல்லச் சீழ் வைத்தால், நம் பகுதியில் முதலில் எழும் ஐயம் காசநோய். அது நியாயமான ஐயமே. சொத்தைப் பல்லிலிருந்தும் டான்சிலிலிருந்தும் பரவும் வழக்கமான கிருமிகளும் சீழ்க்கட்டியை உண்டாக்கும். இவற்றுக்கு அப்பால், தேடினால் மட்டுமே அகப்படும் கிருமி ஒன்று உண்டு.

அது விளைவிக்கும் நோய் மெலியாய்டோசிஸ். ரங்கூனில் பணியாற்றிய ஆல்ஃபிரெட் விட்மோர், சி. எஸ். கிருஷ்ணசாமி என்னும் இருவர் 1911இல் இதனைக் கண்டறிந்து, மறு ஆண்டு எழுதி வெளியிட்டனர். பர்க்கோல்டேரியா சூடோமல்லியை என்னும் இக்கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. தோலின் கீறல் வழியே உடலுள் புகும். மழைக்காலத்தில் மூச்சின் வழியாகவும் செல்லக்கூடும். தாய்லாந்தில் குழந்தைகளுக்குக் காதின் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில் இது சீழ் வைப்பது நன்கு அறியப்பட்டது. தமிழ்நாட்டிலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இந்நோயாளிகளைப் பதிவு செய்துள்ளனர்.

ஆகவே மதுராந்தகம் ஏரிப் பாசன வயலில் நாற்று நடுபவராயினும், மாமல்லபுரத்தை அடுத்த ஊர்களில் மழைநீர் தேங்கிய சேற்றில் வெறுங்காலுடன் நடப்பவராயினும், அதனை எங்களிடம் கூறுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் தவறாமல் கூறுங்கள். இந்நோய்க்கு அதுவே முதன்மையான வாய்ப்புக் காரணி.

காசநோய் மாத்திரைகள் இக்கிருமியை அடக்கா. மாதக்கணக்கில் அவற்றை விழுங்கியும் கட்டி கரையாதபோது, கிருமி நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவியிருக்கலாம். அதனால்தான், இயன்றவரை மருந்து தொடங்குமுன்பே சீழை ஊசியால் எடுத்து, காசநோய்ச் சோதனையுடன் கல்ச்சர் சோதனைக்கும் அனுப்புகிறோம். முடிவு வரச் சில நாள்கள் ஆகும். அதற்குள் கட்டியைப் பிதுக்குவதும், கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் உண்பதும் வேண்டா. (நாமக்கட்டிப் பற்று உள்ளிருக்கும் சீழை வற்றச் செய்யாது.) வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க இயலாமை, மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், இரவென்று பாராது அவசரப் பிரிவுக்கு வருக.

நோய் உறுதியானால், செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் குறைந்தது 10 முதல் 14 நாள் நரம்பூசியாகத் தரப்படும். பின்னர் கோ-டிரைமாக்சசோல் மாத்திரை, பெரும்பாலும் மூன்று மாதம். இந்த இரண்டாம் பகுதியில்தான் பலர் தளர்கின்றனர். புண் ஆறிவிட்டதே என்று நிறுத்தினால் நோய் திரும்பிவரக்கூடும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் முன்பே தெரிவிக்க வேண்டும். இம்மாத்திரை குருதியணுக்களையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம் என்பதால், இடையிடையே குருதிச் சோதனைக்கு அழைப்போம். வரும்போது மீதமுள்ள மாத்திரை அட்டைகளையும் கொண்டுவாருங்கள்.