பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துட்டு அனுப்பு

படம் நல்லா வந்திருக்கா இல்லையான்னு அப்புறம் பேசலாம். முதல்ல தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டு. பேர் இருக்கா? பிறந்த தேதி? வகுப்பு, பள்ளி, ஊர்? எது தலை எது கால்னு தெரிய மேல ஒரு அம்புக்குறி? இதெல்லாம் இல்லேன்னா, நீ எவ்வளவு அழகா வரைஞ்சிருந்தாலும் போட்டி நடத்துறவங்ககிட்ட போனதும் அது பேரில்லாத படம். மேஜையில படங்கள் வந்து குவியும். கவரைப் பிரிக்கிறவர் ஒருத்தர், பதிவு பண்றவர் இன்னொருத்தர். பிரிச்ச கவர் குப்பைக் கூடைக்குப் போயிடும். கவர்மேல முத்து முத்தா விலாசம் எழுதி என்ன பிரயோஜனம்? படத்தோட முதுகுல இருக்கணும் எல்லாம்.

ஆரணிப் பிள்ளைங்களுக்குக் கூடுதலா ஒரு சிக்கல் இருக்கு. திருவள்ளூர் மாவட்டத்துல, பொன்னேரி பக்கம், இன்னொரு ஆரணி இருக்கு. வெறும் 'ஆரணி, தமிழ்நாடு'ன்னு எழுதி விட்டா உன் சான்றிதழ் அந்த ஊருக்குப் போய்ச் சுத்திட்டு நிக்கும். திருவண்ணாமலை மாவட்டம், 632301, இந்தியா. மூணையும் விடாம எழுது.

பேர் விஷயத்துல நம்ம ஊரு இனிஷியல் பெரிய தலைவலி. வெளிநாட்டுப் படிவத்துல முதல் பேர், குடும்பப் பேர்னு ரெண்டு கட்டம் இருக்கும். ஒரு பிள்ளை இனிஷியலை முன்னாடி போடும், ஒண்ணு பின்னாடி போடும், இன்னொண்ணு விட்டே விடும். உன் பேரை முதல் கட்டத்துலயும், அப்பா பேரையோ அம்மா பேரையோ முழுசா ரெண்டாவது கட்டத்துலயும் எழுது. எழுத்துக்கூட்டு பள்ளிச் சான்றிதழ்ல இருக்கிற மாதிரியே இருக்கட்டும். படத்துல ஒரு மாதிரி, படிவத்துல ஒரு மாதிரி இருந்தா பரிசு கிடைச்ச பிறகுதான் தொல்லை ஆரம்பிக்கும்.

இதையெல்லாம் தாள்மேல பால்பாயிண்ட் பேனாவால அழுத்தி எழுதாதே, முன்பக்கம் தடிப்புத் தடிப்பா தெரியும். ஸ்கெட்ச் பேனா ஊறி வெளிய வந்துடும். தனிச் சீட்டுல எழுதி, தலைமை ஆசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் அதுலயே வாங்கி, பின்பக்கம் ஒட்டு. நாலு மூலையில மட்டும் பசை வச்சாப் போதும். முத்திரையை நேரா படத்து முதுகுல குத்தினா ஊதா மை சில தாள்ல முன்பக்கம் வரைக்கும் இறங்கிடும். அதுவும் வானம் வரைஞ்ச இடத்துலதான் இறங்கும்.

எந்தப் போட்டி?

ரெண்டு வகை உண்டு. நீயே போய் உட்கார்ந்து வரையுறது ஒண்ணு. வரைஞ்ச படத்தை மட்டும் ஊர் ஊரா அனுப்புறது இன்னொண்ணு. ரெண்டுக்கும் தயாராகுற விதமே வேற.

அரசுப் பள்ளியில படிக்கிறவங்களுக்கு 2022-23லேர்ந்து கலைத் திருவிழா நடக்குது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம்னு படிப்படியா ஏறணும். மாநில அளவுல ஜெயிச்சா கலையரசன், கலையரசின்னு பட்டம். ஒன்பதுலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும் படிக்கிறவங்களுக்கு மத்தியக் கல்வி அமைச்சகத்தோட கலா உத்சவ் 2015லேர்ந்து இருக்கு. இந்த மாதிரி இடத்துல கடிகாரம்தான் எதிரி. வீட்டுல நேரம் வச்சு வரைஞ்சு பழகு. பென்சில் கோட்டுலயே பாதி நேரத்தைத் தின்னுட்டு, வண்ணத்தை அள்ளித் தெளிச்சுட்டு வர்றவங்கதான் அதிகம்.

அனுப்புற வகையில ரெண்டு பேரைத் தெரிஞ்சு வச்சுக்கோ. ஒண்ணு, கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949ல டெல்லியில ஆரம்பிச்ச குழந்தைகள் ஓவியப் போட்டி. பின்னாடி அது சங்கர் சர்வதேசக் குழந்தைகள் போட்டின்னு உலகம் பூரா பேர் வாங்கிச்சு. சங்கரே 1957ல தொடங்கின சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட்தான் அதோட வீடு. இன்னொண்ணு செக் நாட்டுல இருக்கிற லிடிட்ஸேங்கிற கிராமத்தோடது. 1942 ஜூன்ல நாஜிப் படை அந்த ஊரையே தரைமட்டமாக்கிச்சு. அந்த ஊர்ப் பிள்ளைங்கள்ல 82 பேரை விஷவாயு வச்சுக் கொன்னாங்க. அந்தப் பிள்ளைங்க நினைவா 1967ல குழந்தை ஓவியக் கண்காட்சி தொடங்கி, 1973லேர்ந்து எல்லா நாட்டுப் பிள்ளைங்களும் கலந்துக்கிற மாதிரி விரிஞ்சுது. 4 வயசுலேர்ந்து 16 வயசு வரைக்கும் அனுப்பலாம். வருஷத்துக்கு ஒரு தலைப்பு தருவாங்க. தேர்வான படங்களை அங்க மாட்டுறதோட நிறுத்தாம, வேற ஊர்களுக்கும் நாடுகளுக்கும் கொண்டுபோய்க் காட்டுறதும் உண்டு.

நுழைவுக் கட்டணம் வாங்கிட்டு, கலந்துக்கிட்ட அத்தனை பேருக்கும் பிளாஸ்டிக் கோப்பை அனுப்புற போட்டிகளும் ஊர்ல நிறைய. அதுல சேராதேன்னு சொல்லமாட்டேன். ஆனா அந்தக் காசுக்கு நாலு நல்ல தாள் வாங்கலாம்னு மட்டும் சொல்வேன்.

எதை வரையுறது?

ரெண்டு மலை, நடுவுல சூரியன், கீழ ஆறு, ஓரத்துல தென்னை மரம். இதைப் பார்த்துப் பார்த்து நடுவருக்கே அலுத்துப் போயிருக்கும். யூடியூப்ல பார்த்து அப்படியே போட்ட மயிலும் அப்படித்தான். உன் தெருவை அவர் பார்த்ததே இல்லை. உன்கிட்ட இருக்கிற ஒரே சொத்து அதுதான்.

விடிகாலையில வெயில் ஏறுறதுக்குள்ள தெருவுல பாவு நீட்டி வேலை பார்க்கிறதை எடுத்துக்கோ. தெரு நீளத்துக்கு ஒரே நிறத்துல ஓடுற நூல், ரெண்டு பக்கமும் வீட்டு ஆளுங்க, குறுக்கே போகத் தெரியாம நிக்கிற சைக்கிள்காரர். சேவூர், தேவிகாபுரம் பிள்ளைங்களுக்கு இது வாசப்படிக் காட்சி, டெல்லிக்கும் செக் நாட்டுக்கும் புதுசு. இல்லேன்னா ஊடைக்குத் தார் சுத்துற ஆயாவை வரை. களம்பூர்ப் பக்கத்துப் பிள்ளையா இருந்தா அரிசி ஆலைக் களத்துல ஆவி பறக்கிற புழுங்கல் நெல்லைக் காலால கிளறிக்கிட்டுப் போறதை வரை. எல்லாத்தையும் ஒரே தாள்ல அடைக்காதே. தறியும் கோட்டையும் கமண்டல நாகநதியும் ரேணுகாம்பாள் கோயிலும் சேர்ந்து வந்தா அது சுற்றுலாத் துறை விளம்பரம்.

தறியை நினைவுலேர்ந்து வரையவே கூடாது. தறி வீட்டுல பிறந்த பிள்ளைங்ககூட தப்பா போடுறாங்க. குழித்தறியில நெசவாளர் நாற்காலியில உட்கார மாட்டார், காலு குழிக்குள்ள இருக்கும், மிதிக்கிற கட்டை அங்கதான் இருக்கு. ஜக்கார்டு பெட்டி தலைக்கு மேல. ஓட்டை போட்ட அட்டைங்க மாலை மாதிரி கோத்துப் பக்கவாட்டுல தொங்கும். ஒருநாள் தறிப் பக்கத்துல தரையில உட்கார்ந்து, கீழேர்ந்து மேல பாரு. நூலுக்கு நடுவுல தாத்தா முகம் துண்டு துண்டா தெரியும். ஜன்னல் வெளிச்சம் ஒரே பக்கமா விழும், மத்த இடமெல்லாம் இருட்டு. பெரியவங்க நின்னு பார்க்கிற உயரத்துலேர்ந்து இந்தப் படம் கிடைக்கவே கிடைக்காது.

அடுத்தது ஜரிகை. இதைக் கொஞ்சம் நிதானமா கேளு, ஆரணிப் படம் கெடுறதே இங்கதான். புடவைன்னதும் கை தங்கக் கலர் பாட்டிலுக்குப் போகும், இல்லேன்னா கிளிட்டருக்குப் போகும். தங்கப் பெயிண்ட் நேர்ல பளபளன்னு இருக்கும். போட்டோ எடுத்தா பல நேரம் சாம்பலும் கறுப்புமா அழுக்கு பூசின மாதிரி விழும். முதல் சுற்றுத் தேர்வே போட்டோ வச்சு நடக்கிற போட்டியில அதோட கதை முடிஞ்சுது. கிளிட்டர் வழியெல்லாம் உதிர்ந்து, பக்கத்துல இருக்கிற படத்துமேலயும் ஒட்டும். ஜரிகைத் துண்டையே வெட்டி ஒட்டலாமேன்னு தோணும். கொலாஜ் சேர்த்துக்கிற போட்டியா இருந்தா ஒட்டு, ஆனா சுருட்டி அனுப்புற படத்துல அது பிரிஞ்சு நிக்கும்.

வண்ணத்தாலயே ஜரிகையைக் காட்டலாம். ஜரிகை மின்னுறதுக்குப் பாதிக் காரணம் பக்கத்துல இருக்கிற அரக்கும் மயில் கழுத்து நீலமும்தான். மஞ்சளோட கொஞ்சம் காவி கலந்து கரை முழுக்கப் பூசு. மடிப்பு உள்ள போற இடத்துல பழுப்பு வை. மடிப்பு திரும்புற முகட்டுல மட்டும், ஒரே ஒரு மெல்லிசான வெள்ளைக் கோடு. எல்லா இடத்துலயும் வெள்ளை வச்சா மினுக்காது, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடும். வீட்டுல ஒரு புடவையை ஜன்னலோரம் தொங்கவிட்டு அரைமணி நேரம் பார்த்தாலே நான் சொல்றது புரியும். ஒரு ஞாயித்துக்கிழமை போளூர்ப் பக்கம் திருமலைக்குப் போயிட்டு வா. சமணர் குகையில பழைய வண்ண ஓவியங்கள் இருக்கு. தங்கத் தூளெல்லாம் இல்லாம, கையில எண்ணுற அளவு நிறத்தை வச்சே என்ன பண்ணியிருக்காங்கன்னு பாரு.

பெரியவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சார், டீச்சர், அம்மா, அப்பா, யாரும் அந்தத் தாள்மேல பிரஷ் வைக்காதீங்க. மூக்கைக் 'கொஞ்சம்' சரிபண்றேன்னு கை வச்சா, பத்து வயசுப் படத்துல நாற்பது வயசு மூக்கு உட்கார்ந்திருக்கும். நடுவருக்கு அது உடனே தெரியும். இது பிள்ளை தானே வரைஞ்சதுன்னு கையெழுத்துப் போட்டுத் தர்றவங்களும் நீங்கதானே? கோணலா வந்த தறி கோணலாவே போகட்டும்.

தாள்

கெட்டித் தாள் வாங்கு. தண்ணி வண்ணம்னா 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையாம. சார்ட் பேப்பர் வேண்டாம், தண்ணி பட்டதும் நெளியும். விதிமுறையில அளவு சென்டிமீட்டர்ல இருந்தா ஸ்கேல் வச்சு அள. 30க்கு 40க்குக் குறையக் கூடாதுன்னு போட்டிருந்தா, கடையில கிடைக்கிற ஏ3 தாள் ஆகாது. அது 29.7க்கு 42, ஒரு பக்கம் மூணு மில்லிமீட்டர் பத்தாது. பெரிய தாளா வாங்கி வெட்டிக்கோ. சுத்தி ரெண்டு விரக்கடை அகலத்துக்கு முக்கியமான எதையும் வரையாதே. கண்காட்சியில அட்டைச் சட்டம் போட்டா ஓரம் மறைஞ்சுடும். நீயா லேமினேஷன் பண்ணாதே, கண்ணாடிச் சட்டமும் போடாதே. லேமினேட் பண்ண படத்துல விளக்கு வெளிச்சம்தான் தெரியும், படம் தெரியாது.

கட்டுறது

சங்கரைப் பத்திச் சொன்னேன் இல்லையா, அவருக்கு இன்னொரு பைத்தியம் இருந்துச்சு, பொம்மை. ஹங்கேரி நாட்டுப் பொம்மை ஒண்ணு நேரு மூலமா அவர் கைக்கு வந்துச்சு. அதுலேர்ந்து போன நாட்டுலேர்ந்தெல்லாம் பொம்மை சேர்த்தார். சேர்த்ததைப் பூட்டி வைக்காம, போட்டிக்கு வந்த குழந்தை ஓவியங்களோட சேர்த்து ஊர் ஊரா கொண்டுபோய்க் கண்காட்சி நடத்தினார். கட்டி, பிரிச்சு, மறுபடி கட்டி, மறுபடி பிரிச்சு, நிறையப் பொம்மை உடைஞ்சு போச்சு. கண்காட்சி பார்க்க வந்த நேருகிட்ட இதைச் சொல்ல, இதுக்கு நிரந்தரமா ஒரு இடம் வேணும்னு பேச்சு எழுந்து, 1965ல டெல்லியில சர்வதேசப் பொம்மை அருங்காட்சியகம் திறந்தாங்க. பொம்மைங்க தப்பிச்சுது. படம் இன்னும் பயணம்தான் போகுது. ஊர் சுத்துற கண்காட்சிக்குத் தேர்வானா உன் படத்தையும் ஒருதரம் இல்ல, பலதரம் பிரிச்சுக் கட்டுவாங்க. அந்த அலைச்சலைத் தாங்குற மாதிரி வரைஞ்சு, கட்டி அனுப்பணும்.

போஸ்டர் கலரை அப்பி வச்சா, சுருட்டினதும் வெடிச்சுக் காரை பெயர்ற மாதிரி உதிரும். மெல்லிசா பூசு. ஆயில் பேஸ்டல்னா மேல பட்டர் பேப்பர் இல்லாம அனுப்பவே அனுப்பாதே, எதிர்ல இருக்கிற தாள்ல பாதிப் படம் ஒட்டிக்கும். சின்னப் படத்தைத் தட்டையா, ரெண்டு கெட்டி அட்டைக்கு நடுவுல வை. ஜவுளிக் கடைப் புடவைப் பெட்டியோட அட்டையே போதும், வெட்டிக்கோ. பெரிய படத்தைச் சுருட்டு, ஆனா ஒல்லிக் குழாயில திணிக்காதே. குழாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது. மழைக்காலத்துல வெளியே ஒரு பாலிதீன் உறை. எக்காரணம் கொண்டும் மடிக்காதே.

கட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வை. பெரும்பாலான வெளிநாட்டுப் போட்டிகள்ல படம் திரும்பி வராது, அவங்க சேகரிப்புல சேர்ந்துடும். காலண்டர்லயோ புத்தகத்துலயோ போட்டுக்கவும் அனுமதி கேட்டிருப்பாங்க, வீட்டுல படிச்சுட்டு ஒத்துக்கிட்டா மட்டும் அனுப்பு. காலை வெளிச்சத்துல, திண்ணை நிழல்ல படத்தைத் தரையில வச்சு, போனை நேர் மேல பிடி. ஃப்ளாஷ் வேண்டாம். வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா தரம் குறைஞ்சுடும், டாகுமெண்டா அனுப்பு.

கடைசி நாள்னு போட்டிருக்கிறது அங்க போய்ச் சேர வேண்டிய நாளா, தபால் முத்திரை நாளான்னு பார். வெளிநாட்டுக்குன்னா சுங்கப் படிவம் நிரப்பச் சொல்வாங்க. குழந்தை வரைஞ்ச ஓவியம், விற்பனை மதிப்பு இல்லைன்னு ஆங்கிலத்துல எழுதிடு. மதிப்பு ஆயிரம், ரெண்டாயிரம்னு பெருமைக்கு எழுதினா அங்க வரி கேட்டு நிறுத்தி வைக்க வாய்ப்பிருக்கு.

ரசீதைப் பத்திரப்படுத்து, அதுல இருக்கிற எண்ணை வச்சுப் படம் எங்க போயிருக்குன்னு பார்க்கலாம். அப்புறம் மாசக்கணக்குல ஒரு தகவலும் வராது, அது சகஜம். படிவத்துல கொடுத்த போன் நம்பரை மட்டும் மாத்திடாதீங்கன்னு அப்பாகிட்ட சொல்லி வை. ஆஃபர்ல புது சிம் கிடைக்குதுன்னு பழசைத் தூக்கிப் போடுற அப்பாவா இருந்தா, நம்பர் கேட்கிற இடத்துல அம்மாவோடதையே கொடுத்துடு.