முகச் சிவப்பும் உணவு ஒழுங்கும்

கன்னம், மூக்கு, நெற்றி, மோவாய் ஆகிய இடங்களிற் சிவப்பும் எரிவும் தோன்றி மறைந்து, நாளடைவில் நிலைத்துவிடும் தோல்நோய் ரொசேசியா எனப்படும். கருநிற மேனியிற் சிவப்பு எளிதிற் புலப்படாது. எரிவும் வெம்மையுமே அதனை உணர்த்தும். ஆதலின் நம்மவரிடையே இந்நோய் அறியப்படாமற் போவதுண்டு.

உணவு இந்நோயை உண்டாக்குவதன்று. உள்ள நோயைக் கிளறுவதேயாகும். மிளகாயின் காரமும் சுடுபானத்தின் வெப்பமும் நரம்பு முனையிலுள்ள ஒரே உணர்கருவியைத் தூண்டுகின்றன. குருதிக்குழாய்கள் விரிய, முகம் சிவக்கின்றது. மதுவும் அக்குழாய்களை விரிக்கும். சிலருக்குக் கறுவாவும் தக்காளியும் ஒவ்வா.

கோப்பியைக் குறைகூறுவோர் பலர். 1981ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்றில், 60 பாகை செல்சியஸ் சூடுள்ள கோப்பி முகத்தைச் சிவக்கச் செய்தது. அதே சூடுள்ள வெந்நீரும் செய்தது. 22 பாகையிலுள்ள கோப்பியோ செய்யவில்லை. குற்றம் கோப்பியினதன்று, சூட்டினதே.

எனவே, எல்லாவற்றையும் ஒருங்கே விலக்கி உடலை வாட்டுதல் வேண்டா. உண்டதையும் முகம் சிவந்த வேளையையும் சில வாரங்கள் குறித்து வருக. ஐயத்துக்குரிய ஒன்றை மாத்திரம் நிறுத்திப் பார்க்க. பானங்களை ஆற்றிப் பருகுக. கண்ணில் எரிவோ உறுத்தலோ தோன்றின் பார்வைக்கே ஊறு நேரலாம். காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுக.