பெரிய கணக்கேட்டில் வழிகாட்டும் இணைப்புகள்

ஹைதராபாத்தைத் தலைநகராகக் கொண்ட தெலங்கானா 2014-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் உருவானபோது அதில் 10 ஜில்லாக்கள் இருந்தன. 2016-இல் அவை 31 ஆயின. 2019-இல் முலுகு, நாராயண்பேட்டை இரண்டும் சேர்ந்து 33 ஆயின. ஜில்லாவுக்கு ஒரு தாள் வீதம் மழையளவைப் பதியும் எக்ஸெல் ஏடு ஒன்றை எண்ணிப் பார்ப்போம். திரையின் அடியில் 33 தாள்களின் பெயர்களும் ஒருங்கே தெரியமாட்டா. சூரியாப்பேட்டையைத் தேடுகிறவர் அவசரத்தில் அண்டைத் தாளில் எண்ணைப் பதிந்துவிட்டு, பிழையை அறியாமலே ஏட்டை மூடிவிடவும் கூடும்.

இதற்குப் பரிகாரம், அச்சிட்ட நூலில் உள்ளதுபோல் முதலில் ஒரு பொருளடக்கத் தாளை வைப்பதே. ஜில்லாவின் பெயர் எழுதிய கட்டத்தில் நின்று, கண்ட்ரோல் விசையுடன் கே எழுத்தை அழுத்துக. திறக்கும் பெட்டியில் ‘பிளேஸ் இன் திஸ் டாக்குமெண்ட்’ என்பதைத் தேர்ந்து, உரிய தாளைக் காட்டினால் இணைப்பு அமைந்துவிடும்.

ஆனால் இவ்விணைப்பு தாளின் பெயரையே பற்றி நிற்பது. பெயர் மாறினால் இணைப்பு அறுந்துபோகும். அறுந்தால் எச்சரிக்கையாவது வரும். அதனினும் தீயது ஒன்று உண்டு. 2016-இல் பழைய வாரங்கல் ஜில்லா ஐந்தாகப் பிரிந்தது. 2021-இல் வாரங்கல் நகர்ப்புற ஜில்லா ஹனம்கொண்டா என்றும், ஊரக ஜில்லா வாரங்கல் என்றும் பெயர் பெற்றன. பிரியாத ஜில்லாவின் தாளுக்கு வேறு பெயரிட்டு, ‘வாரங்கல்’ என்ற பெயரை ஊரகத் தாளுக்குக் கொடுத்தோமாயின், பழைய இணைப்பு யாதொரு எச்சரிக்கையுமின்றி ஊரகத் தாளைத் திறக்கும். பார்ப்பவர் ஒரு நிலப்பரப்பின் மழையை மற்றொன்றின் மழையாகக் கொள்வார்.

ஆதலால் தாளுக்கன்றி, கட்டத்திற்கு இட்ட பெயருக்கே இணைப்பைக் கொடுத்தல் நன்று. தாளின் முதற்கட்டத்தில் நின்று, சூத்திரப் பட்டையின் இடப்புறமுள்ள பெயர்ப்பெட்டியில் ஒரு பெயரைத் தட்டி என்டர் விசையை அழுத்தினால் போதும். இணைப்பிடும் பெட்டியில் தாள்களின் கீழே அப்பெயரும் தோன்றும். பின்னர் தாளின் பெயரை எத்தனை முறை மாற்றினாலும் இணைப்பு வழுவாது. இதற்கு ஊர்ப்பெயரைவிட, மத்திய அரசின் உள்ளாட்சி விவரத் தொகுப்பில் ஜில்லாவுக்குள்ள குறியெண்ணே உகந்தது என்பது என் கருத்து. இரண்டு ஆங்கில எழுத்துகளுடன் எண்ணை ஒட்டி எழுதினால் அது கட்டத்தின் முகவரியாகிவிடும் என்பதால் எக்ஸெல் அதனைப் பெயராக ஏற்காது. இடையே ஓர் அடிக்கோடு இடுக.

திரும்பும் வழியும் வேண்டுமன்றோ? பொருளடக்கத்தின் முதற்கட்டத்திற்கும் ஒரு பெயரிட்டு, ஷிப்ட் விசையின் துணையால் 33 தாள்களையும் ஒருங்கே தேர்ந்து, அனைத்திலும் காலியாயுள்ள ஒரு கட்டத்தில் ‘ஹைப்பர்லிங்க்’ சூத்திரத்தை ஒருமுறை எழுதினால் எல்லாத் தாள்களிலும் பதியும். கண்ட்ரோல்-கே முறை இவ்வாறு சேர்ந்த தாள்களில் இயலாது. எழுதி முடித்தவுடன் பொருளடக்கத் தாளைத் தொட்டுத் தேர்வைக் கலைத்துவிடுக. மறந்தால், அடுத்து நல்கொண்டாவுக்கென்று எழுதும் மழையளவு 33 ஜில்லாக்களிலும் பெய்துவிடும்.