நம்பிக்கைகளும் உண்மைகளும்: மாணவர் ஆவணப்படமும் டெல்டாவின் காலண்டரும்

ஆண்டுதோறும் கடைசி செமஸ்டர் தொடங்கியதும் காட்சித் தொடர்பியல் மாணவர்கள் கேமராவும் கையுமாகக் காவிரி டெல்டா பக்கம் வருவது வழக்கமாகிவிட்டது. பத்து நிமிடப் படம், நான்கைந்து பேர் குழு, ஏப்ரலுக்குள் ஒப்படைத்தாக வேண்டும். எந்த கேமரா, எந்த லென்ஸ் என்று சொல்லித்தர ஆள் நிறைய உண்டு. சறுக்கல் வேறு இடத்தில் நடக்கிறது. சீனியர்களிடமிருந்து ஜூனியர்களுக்கு வாய்வழியாக இறங்கிவந்த சில நம்பிக்கைகளை யாரும் உரசிப் பார்ப்பதில்லை. அவற்றில் முக்கியமானவற்றை இங்கே பார்ப்போம்.

நம்பிக்கை: பெரிய விஷயத்தைத் தொட்டால்தான் பெரிய படம்.

உண்மை: ‘டெல்டா விவசாயம்’, ‘காவிரிப் பிரச்சினை’ போன்ற தலைப்புகள் பத்து நிமிடத்துக்குள் அடங்காது. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி, சாதி, நில உடைமை, விவசாயச் சங்கம் என அந்த இரவுக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. அதைப் பற்றி பாரதி கிருஷ்ணகுமார் 2005இல் எடுத்த ஆவணப்படத்தின் பெயர் ‘ராமையாவின் குடிசை’. அத்தனை பேரும் உயிருக்கு அஞ்சி ஓடி ஒளிந்த ஒரே ஒரு குடிசைதான் தலைப்பில் நிற்கிறது.

மாணவர்களும் இப்படிக் குறுக்கிக்கொள்ளலாம். நெல் கொள்முதலைப் பற்றி எடுக்க வேண்டாம். ஒரே ஒரு கொள்முதல் நிலையத்தில், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் காட்டிவிட்டதால் களத்திலேயே நெல்லைக் காயவைத்துக் காத்திருக்கும் ஒருவரைப் பற்றி எடுங்கள். வானம் இருட்டினால் அவர் தார்ப்பாயைத் தேடி ஓடுவார். கொள்முதல் கொள்கை முழுவதும் அந்த ஓட்டத்தில் தெரிந்துவிடும்.

நம்பிக்கை: ஆவணப்படத்துக்கு ஸ்கிரிப்ட் எதற்கு? போய் இறங்கினால் தானாகக் கிடைக்கும்.

உண்மை: தானாகக் கிடைக்கும்தான், பருவம் பார்த்துப் போனால். மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. இந்த இரண்டு தேதிகளுக்கு இடையில் வரும் தண்ணீரில்தான் குறுவை, சம்பா, தாளடி என்னும் நெல் பருவங்கள் எல்லாம். கல்லூரியின் ப்ராஜெக்ட் காலமோ டிசம்பரில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. பிப்ரவரிக் கடைசியில் ‘பாய்ந்தோடும் காவிரி’ என்று குரல் பதிவு எழுதிக்கொண்டு திருவையாற்றுப் படித்துறைக்கு வந்தால் மணல்தான் கண்ணில் படும். நாற்றுப் பறிப்பும் நடவும் முடிந்து மாதங்கள் ஆகியிருக்கும்.

வழக்கமான தேதியையும் முழுதாக நம்ப முடியாது. 2022இல் மே 24ஆம் தேதியே மேட்டூர் திறந்தது. 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 120 அடி. இன்றைய நீர்மட்டம் எத்தனை அடி என்பது நாளிதழில் தினமும் வருகிறது. டெல்டாவில் படமெடுக்க நினைப்பவர் கேமரா வாங்கும் முன் அந்தச் சிறு செய்தியைப் படிக்கப் பழக வேண்டும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்துசேரச் சில நாள் ஆகும். 2025இல் ஜூன் 12 மேட்டூர், ஜூன் 15 கல்லணை. மதகு திறக்கும்போது பூவும் நெல்லும் தூவுவார்கள். அந்தக் காட்சியைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு அடுத்த ஆண்டுதான்.

செமஸ்டரை மாற்ற முடியாதென்றால் கதையை மாற்றுங்கள். ஜனவரியில் வருபவர்களுக்கென்றே ஒரு காட்சி காத்திருக்கிறது. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, முற்றிய நெற்பயிருக்குள்ளேயே ஈரம் பார்த்து உளுந்தையும் பயறையும் தெளிப்பார்கள். நெல் அறுபட்ட பிறகு தாளுக்கு நடுவே உளுந்து தலைகாட்டும். நடவை எடுத்த படங்களுக்குக் கணக்கில்லை. உளுந்து தெளிப்பதை எடுத்தவர்கள் சொற்பம்.

ஸ்கிரிப்ட் என்றால் வசனம் எழுதுவது என்று பொருளில்லை. ஒரு தாளை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிய வேண்டியதையும் வலப்பக்கம் காதில் விழ வேண்டியதையும் எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் கீழே ‘இது கிடைக்காவிட்டால்?’ என்று கேட்டு ஒரு மாற்றுவழியையும் குறித்துவையுங்கள். இடத்தின் பெயரையும் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் சரிபாருங்கள். தஞ்சை நகருக்குள் பாலத்தில் நின்று எடுத்துவிட்டு ‘காவிரி’ என்று எழுத்துப் போடுகிறார்கள். அங்கே ஓடுவது கல்லணைக் கால்வாய், ஊர்மக்கள் வாயில் புது ஆறு. காவிரியைப் பார்க்க வடக்கே திருவையாறு போக வேண்டும்.

நம்பிக்கை: ஆவணப்படம் உள்ளதை உள்ளபடி காட்டுவது. அதில் கைவைக்கக் கூடாது.

உண்மை: கைவைக்காத ஆவணப்படம் கிடையாது. எந்த இடத்தில், எவ்வளவு கைவைத்தோம் என்பதுதான் கேள்வி. 1922இல் வெளியான, ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி எடுத்த ‘நானூக் ஆஃப் தி நார்த்’ படத்துக்காகப் பனிவீட்டைப் பாதியாக வெட்டித் திறந்துவைத்தார்கள்; உள்ளே கேமராவுக்கு வெளிச்சம் போதவில்லை. அது தொழில்நுட்பத் தேவை. ஆனால் துப்பாக்கியால் வேட்டையாடிப் பழகிவிட்டவர்களைப் பழைய ஈட்டியோடு நடிக்க வைத்ததும் அதே படம்தான். அந்த மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்ற செய்தியையே அது மாற்றிவிட்டது. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

நம் பக்கத்து உதாரணமும் உண்டு. தஞ்சை அரசவை நாட்டிய மரபில் வந்த பாலசரஸ்வதியைப் பற்றி சத்யஜித் ராய் 1976இல் ‘பாலா’ எடுத்தார். அதில் கடற்கரையில் காற்று சேலையை அலைக்கழிக்க அவர் ஆடும் காட்சி பலருக்கு நினைவிருக்கும். கச்சேரி மேடையை விட்டுக் கடற்கரையைத் தேர்ந்தது இயக்குநரின் முடிவு. ஆனாலும் ஆட்டம் அவருடையது, அபிநயம் அவருடையது. பார்ப்பவர் யாரும் ஏமாறவில்லை.

டெல்டாவில் இந்தக் கோடு அடிக்கடி தாண்டப்படுகிறது. நடவுப் பாட்டும் குலவையும் வேண்டும் என்பதற்காக, வயலை விட்டு ஒதுங்கிய பாட்டிகளைக் கூட்டிவந்து சேற்றில் இறக்கி ‘இன்றைய நடவு’ என்று காட்டிவிடுகிறார்கள். இன்றைய வயலில் பாய் நாற்றங்கால் இருக்கிறது, நடவு இயந்திரம் இருக்கிறது, நேரடி விதைப்பு இருக்கிறது, மேற்கு வங்கத்திலிருந்து குழுவாக வந்து நடும் தொழிலாளர்களின் வங்காளப் பேச்சும் இருக்கிறது. பாட்டியின் பாட்டு வேண்டுமென்றால் அவர் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, நினைவிலிருந்து பாடுகிறார் என்பது தெரியும்படி எடுங்கள். அப்போது பாட்டோடு சேர்ந்து அது வயலை விட்டுப் போன கதையும் பதிவாகும்.

நம்பிக்கை: நல்ல கேமரா இருந்தால் பாதி வேலை முடிந்தது.

உண்மை: படம் சற்று மங்கலாக இருந்தாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு புரியாவிட்டால் எழுந்துபோய்விடுவார். நடுவரப்பில் நிறுத்திப் பேட்டி எடுப்பதுதான் முதல் தவறு. திறந்த வயலில் அடிக்கும் காற்று மைக்கில் மோதி, குரலை விழுங்கிவிடும். பேசுபவரை வைக்கோல் போரின் மறைவுக்குக் கொண்டுவாருங்கள், அல்லது காற்றுக்கு முதுகு காட்டி உட்காரவையுங்கள். பக்கத்தில் மோட்டார் கொட்டகை இருந்தால் அது நிற்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். அறுவடை மிஷின் ஓடும் வயலில் பேட்டியே வேண்டாம்.

காலர் மைக் இல்லையென்றால் இன்னொரு கைபேசியை ஏரோப்ளேன் மோடில் போட்டு, ஒலிப்பதிவை ஓடவிட்டு, அவர் சட்டைப் பையில் வையுங்கள். தொடக்கத்தில் கேமரா முன் ஒரு முறை கைதட்டினால் எடிட்டிங்கில் படத்தையும் ஒலியையும் பொருத்துவது எளிது. கிளம்பும் முன் யாரும் பேசாமல் அந்த இடத்தின் ஒலியை மட்டும் ஒரு நிமிடம் பிடித்துவையுங்கள். வெட்டுகளின் இடைவெளியை மூட இதைவிட நல்ல மருந்து இல்லை.

படத்துக்கும் ஒரு குறிப்பு. அரிசி ஆலைக்குள் எடுத்த காட்சியில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் நகர்ந்தால் கேமரா பழுதென்று பதற வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கைபேசியோ பெரும்பாலும் நொடிக்கு 30 ஃபிரேம் கணக்கில் ஓடும். 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று மாற்றினால் ட்யூப்லைட் வெளிச்சம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நம்பிக்கை: மாணவர் படம்தானே, அனுமதி எதற்கு?

உண்மை: அடையாள அட்டை அனுமதிச் சீட்டு ஆகாது. தஞ்சைப் பெரிய கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னம். வந்துபோகிறவர்கள் கைபேசியில் படமெடுப்பது வேறு, ஸ்டாண்ட் போட்டுப் படப்பிடிப்பு நடத்துவது வேறு. பின்னதற்கு முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கொள்முதல் நிலையத்துக்கும் அப்படித்தான்.

ட்ரோன் இன்னும் சிக்கல். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு உட்பட்ட நானோ வகைக்குச் சில சலுகைகள் உண்டு. ஆனால் தடைசெய்யப்பட்ட சிவப்பு மண்டலத்தில் எந்த எடை ட்ரோனும் அனுமதியின்றிப் பறக்கக் கூடாது. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்த பிறகே வாடகைக்குப் பேசுங்கள்.

நம்பிக்கை: தலையாட்டினால் சம்மதம்.

உண்மை: ‘எடுத்துக்கங்க தம்பி’ என்பது விருந்தோம்பல். கூலி குறைவு, குத்தகைத் தகராறு, வாய்க்கால் தண்ணீரில் பாகுபாடு என்று பேசும் தொழிலாளி மறுநாளும் அதே நில உரிமையாளரிடம்தான் வேலைக்குப் போக வேண்டும். படம் வகுப்போடு நிற்குமா, யூடியூபுக்குப் போகுமா என்பதை முதலிலேயே சொல்லுங்கள். முகம் வேண்டாம், குரல் மட்டும் போதும் என்றால் ஒத்துக்கொள்ளுங்கள். இறுதி வடிவம் முடியும்வரை அவர் மனம் மாறலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். சம்மதக் கடிதம் தமிழில் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக்காட்டி, கேமரா முன் வாய்மொழியாகப் பெறுங்கள்.

நம்பிக்கை: தியாகராஜர் கீர்த்தனைக்கு யார் உரிமை கேட்பார்கள்?

உண்மை: தியாகராஜர் மறைந்தது 1847இல். கீர்த்தனை எல்லோருக்கும் பொது. அதைப் பாடிய வித்வானின் ஒலிப்பதிவு பொதுவல்ல. வெளியானதிலிருந்து 60 ஆண்டு அதற்குத் தனி உரிமை உண்டு. அன்றைய தஞ்சை மாவட்டத்தில் பிறந்த இன்னொரு வாக்கேயக்காரர் பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார். அவருடைய பாடல்களுக்கே 2033 முடியும்வரை காப்புரிமை உண்டு. வகுப்புக்குள் ஆசிரியர், மாணவர் முன் காட்டுவதற்குச் சட்டம் தரும் சலுகை இணையத்தில் ஏற்றும்போது கூடவே வராது. பாடத் தெரிந்த நண்பரிடம் கேளுங்கள், அவருடைய பதிவையே பயன்படுத்துங்கள்.

நம்பிக்கை: நிறைய எடுத்து வைத்தால் எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம்.

உண்மை: காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக ஏ.கே.செட்டியார் உலகைச் சுற்றிச் சேர்த்தது சுமார் 50,000 அடி படச்சுருள். 1940இல் வெளியான படம் 12,000 அடி. 35 மி.மீ. கணக்கில் ஒன்பது மணி நேரத்துக்கும் மேலானது இரண்டேகால் மணி நேரமாகச் சுருங்கியது. ஃபிலிமுக்குக் காசு கொடுத்த காலத்தில், நாடு நாடாக அலைந்து தேடியவர் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் வைத்துக்கொண்டார். ஃபிலிம் செலவே இல்லாத கைபேசியில் இரண்டே வாரயிறுதிகளில் அந்த ஒன்பது மணி நேரத்தைத் தாண்டிவிடலாம். அதிலிருந்து எடுக்க வேண்டியதோ பத்து நிமிடம்.

அதனால் எடுத்த அன்றிரவே பேட்டியைக் கேட்டு, நேரக் குறிப்போடு தாளில் எழுதிவிடுங்கள். முதல் வெட்டு கணினியில் நடக்க வேண்டியதில்லை, தாளில் வண்ணப் பேனாவால் நடக்கட்டும். பேசியவர் சொன்னதை அவர் சொல்லாத அர்த்தம் வரும்படி ஒட்டியிருக்கிறோமா என்பதும் தாளில்தான் பளிச்சென்று தெரியும்.

நம்பிக்கை: ஒப்படைத்து, விழாக்களுக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது.

உண்மை: முதல் பார்வையாளர்கள் படத்தில் இருப்பவர்கள்தான். இறுதி வடிவத்தைப் பூட்டும் முன் அவர்களுக்குக் காட்டுங்கள். நீங்கள் சம்பா என்று எழுதியது தாளடி என்பார்கள், வாய்க்கால் பெயரைத் திருத்துவார்கள், ‘இதைப் போட வேண்டாம்’ என்று ஒரு வரியை நீக்கச் சொல்வார்கள். அதற்குப் பிறகு மாற்ற உங்களுக்கும் நேரம் வேண்டும். ஏப்ரலில் ஒப்படைக்க வேண்டிய படத்தை மார்ச் நடுவில், அறுவடை வேலை முடிந்து வீட்டிலிருக்கும் ஒரு மாலையில் காட்டும்படி தேதி குறியுங்கள். அந்தத் தேதி படப்பிடிப்பின் முதல் நாளுக்கு முன்பே அட்டவணையில் இருக்க வேண்டும்.