ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு வெள்ளோட்டம்

ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கியாகிவிட்டது. தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை. சென்னையிலிருந்து மதுரை, நெல்லை, நாகர்கோவில் பக்கம் குடும்பத்தோடு சொந்தக் காரில் போகிறவர்கள் வண்டியைக் கவனிக்க வேண்டிய நேரம் இதுதான். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரத்துக்குள் வண்டியைச் சோதித்து, மாற்ற வேண்டியதை மாற்றி, வரும் ஞாயிற்றுக்கிழமை நூறு கிலோமீட்டராவது நெடுஞ்சாலையில் ஓட்டிப் பாருங்கள். செங்கல்பட்டு வரை போய்த் திரும்பினாலே போதும். வரவேண்டிய கோளாறு, உங்கள் மெக்கானிக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே வந்து தொலையட்டும்.

இப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு கோளாறின் விலை அது வரும் இடத்தையும் நாளையும் பொறுத்தது. ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வார நாளில் வீட்டருகே வெடித்தால், ஒரு மணி நேர வேலை. அதுவே தீபாவளிக்கு முந்தின இரவு விழுப்புரம் தாண்டி வெடித்தால், பட்டறைப் பையன்களும் ஊருக்குப் போயிருப்பார்கள், உதிரிபாகக் கடையின் ஷட்டர் இறங்கியிருக்கும். குழந்தைகளோடும் பெரியவர்களோடும் சாலையோரம் விடிய விடியக் காத்திருக்க வேண்டியதுதான். இன்ஷூரன்சோடு ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருக்கிறதே என்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்த இரவில் அதே எண்ணுக்குப் பலரும் கூப்பிடுவார்கள். வருகிறவர் வண்டியை இழுத்துக்கொண்டு போய்ப் பட்டறை வாசலில் விடுவார், பட்டறையைத் திறந்துவைப்பது அவர் கையில் இல்லை.

“தினமும் ஆபீசுக்கு இதில்தான் போய்வருகிறேன், ஒரு தொந்தரவும் இல்லை” என்பது அடுத்து வரும் பதில். நகரத்தில் ஒழுங்காக ஓடுவது நெடுஞ்சாலைக்குத் தேறியதாகாது. தினசரி ஓட்டத்தில் ஒருவர் இருப்பார், வேகம் முப்பது நாற்பதைத் தாண்டாது, எஞ்சின் சூடேறி முடிப்பதற்குள் இடம் வந்துவிடும். பண்டிகைப் பயணத்தில் ஐந்து பேர், நிரம்பி வழியும் டிக்கி, இடைவிடாத ஏசி, மணிக்கணக்கில் வேகம். அதற்கு நடுவே பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று சுங்கச்சாவடி வரிசைகள். வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். வரிசையில் நின்றதும் அந்தக் காற்று போய்விடும், கொதித்துப்போயிருக்கும் எஞ்சினின் மொத்தச் சூட்டையும் மின்விசிறி ஒன்றே இறக்க வேண்டும். பாதி அடைத்த ரேடியேட்டரும் சோர்ந்துபோன விசிறியும் நகரத்தின் இருபது நிமிடத்தைச் சமாளித்துவிடும். சுங்கச்சாவடியில்தான் அவற்றின் குட்டு வெளிப்படும்.

ஆகவே கூலன்டிலிருந்து தொடங்குங்கள். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பானெட்டைத் திறந்து பாருங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் கூலன்ட் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். இன்றைய மட்டத்தை மார்க்கரால் குறித்துவிட்டு ஒரு வாரம் கழித்து அதே குளிர்ந்த நிலையில் பாருங்கள். இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது, ஊற்றி நிரப்புவது அதற்கு வைத்தியமாகாது. குழாய்த் தண்ணீரும் வேண்டாம், அதன் உப்பு உள்ளே படிந்து ரேடியேட்டரை அடைக்கும். ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். விறைத்தோ, வெடிப்பு விட்டோ, ஓரிடத்தில் புடைத்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். வழியில் வெப்ப முள் ஏறினால் ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுதாகத் திருப்பிவிட்டு, ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். ஹீட்டர் எஞ்சின் சூட்டில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் நூறு டிகிரிக்கு மேலும் திரவமாக இருப்பது, மூடி திறந்ததும் ஆவியாகி முகத்தில் பீறிடும்.

டயர் விஷயத்தில் நம் ஊரில் வேரூன்றிய ஒரு நம்பிக்கை உண்டு: தூரம் போகும்போது சூட்டில் காற்று விரியும், அதனால் கொஞ்சம் குறைத்து அடிக்க வேண்டும் என்பது. காற்று விரிவது உண்மைதான், ஆனால் அந்த ஏற்றத்தையும் கணக்கில் கொண்டுதான் டயரை வடிவமைக்கிறார்கள். காற்று குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிரும். டயரைச் சூடேற்றுவதும் கடைசியில் வெடிக்க வைப்பதும் அந்த மடிப்புதான். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் இரண்டு பேருக்கு ஓர் அளவும் முழுச் சுமைக்கு ஓர் அளவும் பெரும்பாலும் தனித்தனியாக இருக்கும். முழுச் சுமைக்கானதை, டயர் சூடேறும் முன் அடியுங்கள். டயரின் வயதைச் சொல்லும் நான்கு இலக்க எண் ஒன்று பக்கச்சுவரில் பொறித்திருக்கும். 3520 என்றால் 2020ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் தயாரானது. பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தால் அந்த டயர் ஐப்பசி மழைக்கு ஆகாது. ஸ்டெப்னியையும் மறந்துவிடாதீர்கள். அதில் காற்று இருந்தால் மட்டும் போதாது. பட்டறையில் மெஷின் வைத்து முறுக்கிய வீல் நட்டு, வண்டியோடு வந்த குட்டை ஸ்பேனருக்கு அசையாமல் போவது சகஜம். வீட்டு வாசலிலேயே ஒவ்வொரு நட்டையும் லேசாகத் தளர்த்தி, திரும்ப இறுக்கிப் பாருங்கள். ஜாக்கி எங்கே முட்ட வேண்டும் என்பதையும் பகல் வெளிச்சத்தில் தெரிந்துகொள்ளுங்கள்.

பேட்டரி சொல்லாமல் கைவிடுவது குறைவு. செல்ஃப் எடுக்கும்போது இழுத்து இழுத்துச் சுற்றுவது, முனைகளில் வெள்ளைப் பொடி பூப்பது என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டேதான் இருக்கும், நாம்தான் காதில் வாங்குவதில்லை. இரவு முழுக்க நிறுத்திய வண்டியில் காலையில் அளந்தால் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12.2க்கு இறங்கியிருந்தால் பாதிதான் இருக்கிறது என்று பொருள். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி நின்றால் ஆல்டர்னேட்டர் நலம். நான்கு வருடம் கடந்த பேட்டரியை, நம் வெயிலையும் நினைத்து, இப்போதே மாற்றுவது உத்தமம். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களுக்குத் தள்ளி ஸ்டார்ட் செய்யும் வழியும் கிடையாது. வெயில் காலம் முழுக்கக் காய்ந்த வைப்பர் ரப்பரையும் கையோடு மாற்றிவிடுங்கள். கொடைக்கானல், வால்பாறை என்று மலையேறுகிறவர்கள் பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

“போன மாதம்தான் சர்வீஸ் விட்டேன், இந்தத் தலைவலி எதற்கு?” என்பது நியாயமான கேள்வி. சர்வீஸ் என்பது பெரும்பாலும் கிலோமீட்டர் கணக்குப்படி ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவது. ஸ்டெப்னியின் வயதையோ, ஹோஸின் விறைப்பையோ எல்லாரும் பார்ப்பதில்லை. தவிர, பட்டறையில் கை வைத்த வண்டிக்குத்தான் வெள்ளோட்டம் இன்னும் அவசியம். சரியாக மாட்டாத கிளாம்ப், முழுதாக இறுகாத நட்டு போன்றவை முதல் நூறு கிலோமீட்டரில் தெரிந்துவிடும். புது வண்டிக்கு இதில் பாதி தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஆணி குத்துவதற்குப் புதுசு பழசு தெரியாது.

இவ்வளவு பார்த்தும் வண்டி நின்றுவிட்டால், வண்டியைவிட ஆட்கள் முக்கியம். ஹசார்ட் விளக்கைப் போட்டு இடது ஓரத்துக்கு ஒதுக்குங்கள். எல்லாரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அப்பால் நிற்க வேண்டும். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதும் அதன் பின்னால் நிற்பதும் ஆபத்து. மணிக்கு நூறில் வரும் வாகனம் ஒரு நொடியில் 28 மீட்டர் கடக்கும். டிக்கியில் கிடக்கும் சிவப்பு முக்கோணத்தை வண்டியை ஒட்டி வைத்தால் பயனில்லை, பின்னோக்கி நூறு தப்படியாவது நடந்து வையுங்கள். பிறகு தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033ஐ அழைத்து, அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொல்லுங்கள். மழைநீர் தேங்கிய சுரங்கப்பாதையில் எஞ்சின் அணைந்தால் மீண்டும் சாவி திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். எஞ்சினுக்கென்று தனிப் பாதுகாப்பு எடுக்காத பாலிசியில் அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

வெள்ளோட்டம் சொல்லும் தீர்ப்புக்குக் கட்டுப்படுவதுதான் கடினம். முள் ஏறுகிறது, பாகம் வரப் பத்து நாள் ஆகும் என்று மெக்கானிக் சொன்னால், “மெதுவாகப் போனால் தாங்கும்” என்று சமாதானம் சொல்லிக்கொள்ளத் தோன்றும். சுமையும் வரிசையும் மெதுவாகப் போகிறவருக்கும் உண்டு. தேறாத வண்டியை வீட்டில் விட்டுவிடுங்கள். கிளாம்பாக்கத்திலிருந்து தீபாவளிச் சிறப்புப் பேருந்துகள் ஓடும், முன்பதிவு செய்ய இன்னும் நாள் இருக்கிறது. முந்தின நாள் வண்டியைப் பார்ப்பவருக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கும்.